சுரங்கம் வெட்டுற வறள்நிலத்தில பில்பி, குவோல் பாதுகாப்பு: களவேலை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வடலி:

வணக்கம். யாழ்ப்பாணத்தில விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் சிலர் சேர்ந்து வாற மாதம் ஒரு கருத்தரங்கு வைக்கிறம். வறள்நிலத்தில, சுரங்கங்களுக்குப் பக்கத்தில, அருகி வாற பைப்பாலூட்டிகளை எப்பிடிக் காப்பாத்தினம் எண்டதுதான் விஷயம். எடுத்த உதாரணம் எல்லாம் அவுஸ்திரேலியா: பில்பி (வளை தோண்டுற, நீண்ட காதுள்ள பண்டிகூட் வகை), வட குவோல் (புள்ளி விழுந்த, இறைச்சி தின்னுற விலங்கு), பெட்டோங் (சின்னக் கங்காரு மாதிரி ஒண்டு). எங்களில ரெண்டு பேர் அங்க மேற்படிப்புக்கும் ஆயத்தப்படுத்தினம். அதால பாடக்குறிப்பு மாதிரி இல்லாமல் களத்தில உதவுற விபரமாத் தாங்கோ.

சுரங்கம் வெட்டுற நிலம் அந்தப் பாலைவனத்தின்ர பரப்போட பார்த்தால் ஒரு துளிதான். பிறகேன் அதை இவ்வளவு பெரிசாக் கதைக்கினம்? பொறி வைக்காமல் பில்பி இருக்கெண்டு எப்பிடி உறுதிப்படுத்துறது? பூனையையும் நரியையும் தடுக்க வேலி நல்லதோ, நஞ்சிரை நல்லதோ? அகழ்வு முடிஞ்ச நிலத்தை என்ன செய்யினம்? யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டே இதில ஏதாவது ஒண்டைக் கையால செய்து பழக ஏலுமோ?

இன்னொண்டு. பண்டிகூட் எண்டால் பெருச்சாளிதானே, அதுக்கு ஏது பை எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்றது?

செம்மண்:

பெயரை முதலில் தீர்ப்போம். பண்டிகூட் என்பது தெலுங்கு 'பந்திகொக்கு', பன்றியெலி. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் முதலில் ஏறியது நம் பெருச்சாளிக்குத்தான். பிறகு அவுஸ்திரேலியாவில் நீண்ட மூக்கால் மண்ணைக் கிளறும் விலங்கொன்றைக் கண்டவர்கள் அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பெருச்சாளி கொறிக்கும் இனம், அங்குள்ளது பைப்பாலூட்டி, இரண்டுக்கும் உறவில்லை. பில்பி அந்தப் பைப்பாலூட்டிப் பண்டிகூட்டின் சொந்தக்காரன். அதன் பை பின்பக்கமாகத் திறக்கும். முன்னங்காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளித் தோண்டுகிற விலங்குக்கு முன்பக்கம் திறந்த பை இருந்தால் குட்டியின் வாயெல்லாம் மண்ணாகிவிடும். கருத்தரங்கில் இந்த ஒரு படத்தைக் காட்டினாலே பிள்ளைகளுக்கு விளங்கும்.

இனிச் சுரங்கம். வெட்டிய ஹெக்டேயரை மட்டும் எண்ணினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 1788க்குப் பிறகு அவுஸ்திரேலியா 30க்கு மேற்பட்ட பாலூட்டி இனங்களை இழந்துவிட்டது. வறள்நிலத்தில் அவற்றைக் கொன்றதில் முதற்பங்கு ஐரோப்பியரோடு வந்த பூனைக்கும் செந்நரிக்கும். அழிந்தவற்றில் மிகப் பல 35 கிராமுக்கும் 5.5 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ளவை: பூனை அடிக்கக்கூடிய, நரி கவ்வக்கூடிய அளவு. சிறிய பில்பி 1950களோடு போய்விட்டது. பெரிய பில்பி ஒருகாலம் அந்தக் கண்டத்தின் 70 வீத நிலத்தில் இருந்தது. இன்று அந்தப் பழைய பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில்தான் மிஞ்சியிருக்கிறது.

சுரங்கம் வந்ததும் இந்தப் பூனைக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். தண்ணீரே இல்லாத நிலத்தில் குட்டைகள். தொழிலாளர் முகாமின் எச்சில் சோறு. புதர்களுக்கு ஊடாக நேராகப் போட்ட வீதி. அடர்ந்த புல்லுக்குள் வேட்டையாடுவது பூனைக்குக் கடினம். வெட்டித் துப்புரவாக்கிய தடத்தில் நடந்து, ஓரத்தில் பதுங்கி அடிக்கும். ஆகவே ஒரு சுரங்கத்தின் கேடு குழியின் விளிம்போடு நிற்பதில்லை. வீதி போகிற தூரமெல்லாம் போகிறது. திட்ட அறிக்கையை வாசிக்கும்போது வெட்டும் பரப்பைத் தாண்டி, எத்தனை கிலோமீற்றர் புது வீதி, எத்தனை திறந்த தண்ணீர், குப்பை எங்கே போகிறது என்று தேடுங்கள். குப்பைக் குழிக்கு வேலி இல்லையென்றால், அன்றன்றைக்கு மண் போட்டு மூடவில்லையென்றால், மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கும் பாதுகாப்பு வேலையில் பாதி வீண்.

வீதி நேரடியாகவும் கொல்லும். மழைத்தண்ணீர் தார் ஓரத்தில் வடிவதால் அங்கு பச்சை கூட, பூச்சி கூட. பில்பி இருட்டினதும் அங்கே மேய வரும், கனரக லொறியில் அடிபடும். பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை வேகத்தைக் குறைப்பதும், தவிர்க்கக்கூடிய ஓட்டங்களைப் பகலுக்கு மாற்றுவதும்தான் வழி. அறிவிப்புப் பலகை மட்டும் வைத்தால் சாரதி இரண்டு கிழமையில் அதைப் பார்ப்பதை விட்டுவிடுவார்.

சின்னச் சின்னக் குழிகளும் இருக்கின்றன. தாது தேடித் துளைக்கும் துளை சுமார் 14 சென்ரிமீற்றர் அகலம். மூடாமல் விட்டால் சிறு பாலூட்டியும் பல்லியும் விழுந்து ஏற முடியாமல் சாகும். இயந்திரம் அந்த இடத்தை விட்டு நகருமுன் மூடி போட வேண்டும். வேலை முடிந்தபின் குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, கூம்பு அடைப்பானை இறுக்கி, மேலே மண் குவித்துவிட வேண்டும். வெறுமனே மேலே வைத்த பிளாஸ்ரிக் மூடி வெயிலில் சில வருடத்தில் நொறுங்கிவிடும். குழாய் புதைக்கும் அகழியில் சரிவான ஏறுபாதைகளும், நிழலுக்கு இடைக்கிடை ஈரச் சாக்குகளும் போட்டு, விடிந்ததும் வெயில் ஏறுமுன் முழு நீளத்தையும் நடந்து பார்க்க வேண்டும். ஒரு காலையில் நடந்து முடிக்கக்கூடிய நீளத்துக்கு மேல் அகழியைத் திறந்து வைக்கவே கூடாது. பிளாஸ்ரிக் விரிப்புப் போட்ட தண்ணீர்க் குட்டையின் சரிவு வழுக்கும். விழுந்தது ஏற முரட்டு வலையைக் கரையிலிருந்து நீருக்குள் தொங்கவிட வேண்டும்.

பொறியில்லாமல் பில்பியைக் கண்டுபிடிப்பது தடம், வளை, கிளறல், புழுக்கை என்ற நான்கையும் வைத்து. 2 ஹெக்டேயர் துண்டொன்றை, பெரும்பாலும் 100 மீற்றருக்கு 200 மீற்றர், அரைமணிநேரம்போல் நடந்து தேடுவார்கள். பூர்வகுடி வனக்காவலர்களும் ஆய்வாளர்களும் ஒரே அளவில் செய்வதால் பாலைவனம் முழுவதன் பதிவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. தடம் வாசிப்பதில் அந்தக் காவலர்களின் கண்ணுக்கு ஈடு இல்லை. அவர்கள் இல்லாமல் செய்த ஆய்வறிக்கையை நான் அரை மனதோடுதான் ஏற்பேன்.

பில்பியின் முன்னங்கால் மூன்று நகக் கோடுகளை அடுத்தடுத்து இணையாக விடும். முயல் தடமும் ஒழுங்கில் அதைப் போலத்தான் இருக்கும், முன்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பின்கால்கள் அவற்றுக்கு முன்னால் சோடியாக. ஆனால் முயலின் பாதம் உரோமத்தால் மூடியது. விரல் தெளிவாகப் பதியாது. கிளறலில் ஏமாறுவதுதான் அதிகம். உடும்பு இனங்கள் தோண்டிய துளையின் வாய் அரைவட்டமாக இருக்கும். முயல் மேலோட்டமாகச் சுரண்டி அங்கேயே புழுக்கை போடும். பில்பி கூம்பு போல 25 சென்ரிமீற்றர்வரை இறங்கும். அக்கேசியாப் புதரின் அடியில் வேரைத் திறந்து, வேருக்குள் இருக்கும் புழுவை எடுத்திருந்தால் அது ஏறக்குறைய பில்பிதான். கோரை இனத்துச் சிறு கிழங்குக்காகவும் தோண்டும். நம் மணற்கரையில் முளைக்கும் சிலந்தியரிசியும் அதே கோரை. புழுக்கையைத் தோண்டிப் போட்ட மண்ணுக்குள் தேடுங்கள். நசுக்கினால் மணலும் பூச்சி ஓடும் உதிரும். காய்ந்த நிலத்தில் மரபணு எடுக்கவும் உதவும் என்பதால் வெறுங்கையால் தொடாமல் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்ரிக் பைக்குள் ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஒரு முறை பார்த்து இல்லை என்று எழுதிவிடாதீர்கள். உணவு எங்கே போகிறதோ அங்கே பில்பி இடம்பெயரும். ஒரு விலங்குக்கே பத்துப் பன்னிரண்டு வளைகள் இருக்கும். வளை சுழன்று சுழன்று 2 மீற்றர் ஆழம்வரை இறங்கும். வாயில் சிலந்திவலை இருந்தாலும் அது பாழ்வளை என்று சொல்ல முடியாது. அடுத்த கிழமை திரும்பி வரலாம். நிலம் வெட்டுமுன் ஒவ்வொரு வளைக்கும் கமரா வைத்து, வாயில் மணலை மட்டமாகத் தடவி, பல இரவுகள் தொடர்ந்து பார்த்த பின்னரே கையால் தோண்ட வேண்டும். இயந்திரத்தால் தோண்டினால் பில்பி உள்ளே மண்ணை அடைத்துக்கொண்டு இன்னும் ஆழம் போகும். வெளியே இருக்கிறவருக்கு வளை வெறுமையாகத்தான் தெரியும்.

கதியால்:

வேலியைப் பற்றி நான் சொல்றன். வேலியோ நஞ்சோ எண்டு கேட்டால், ரெண்டும் வேற வேற வேலை.

முன்மாதிரி தென் அவுஸ்திரேலியாவில றொக்ஸ்பி டவுன்ஸில கிடக்கு. ஒலிம்பிக் டாம் எண்ட செப்பு, யுரேனியச் சுரங்கத்துக்குப் பக்கத்திலயே 1997இல அரிட் ரிக்கவரி காப்பகத்தைத் துவங்கினவை. சுரங்க நிறுவனம், ஊர்ச்சனம், மாநில அரசு, அடிலெய்ட் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து. இப்ப 123 சதுர கிலோமீற்றர் வேலிக்குள்ள.

அந்த வேலியின்ர உயரம் 1.8 மீற்றர். மேல 60 சென்ரிமீற்றர் வலை வெளிப்பக்கமா வளைஞ்சு தொங்கும், அதைத் தடிச்ச கம்பி வளைவுகள் தாங்கும். கீழ வெளிப்பக்கமா வலையை நிலத்தில பாவாடை மாதிரி விரிச்சு மண்ணோ கல்லோ பாரம் வைக்கிறது. இல்லாட்டி நரி அடியால தோண்டும். முயற்குட்டி நுழையாமல் இருக்கக் கீழ்ப்பாதி வலைக்கண் 30 மில்லிமீற்றர். 40 எண்டால் சின்னக்குட்டி பூந்திடும், பூந்தது உள்ளுக்க பெருகும்.

மேல் வலை ஏன் தொங்கவேணும் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. பூனை ஏறிப்போய் மேல பிடிக்கேக்க வலை அதின்ர பாரத்துக்கு ஆடிப் பின்னால வளையும். பூனைக்குப் பிடி கிடைக்காது, விழும். பாக்க வடிவாயிருக்கட்டும் எண்டு அதை இறுக்கி இழுத்துக் கட்டினால் நீங்களே பூனைக்குப் படி கட்டிக் குடுத்த மாதிரி. மூலையும் கூர்மையா வரக்கூடாது. ரெண்டு பக்க வலையிலயும் கால் வைச்சு ஏறும். கிட்ட மரம் நிண்டால் வெட்டோணும். மின்கம்பியை நம்பினவை, ஆனால் தொங்கு வலையே கூடுதலா நிண்டுபிடிச்சது.

வேலி பிழைக்கிறது கட்டேக்க இல்லை, கட்டின பிறகு. கங்காரு முட்டும். காத்தில உருண்டு வாற காய்ஞ்ச செடியள் ஒரு பக்கம் குவிஞ்சால் அதுவே ஏணி. உப்பு மண்ணில கீழ்வலை துருப்பிடிச்சுக் கண்ணுக்குத் தெரியாமலே இத்துப் போகும். எங்கட கடற்கரைப் பக்கம் முள்ளுக்கம்பி எத்தினை வருசம் தாங்கும் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. வாய்க்கால் குறுக்க வாற இடம்தான் எல்லாத்திலயும் மோசம். குயின்ஸ்லாந்தில கரவின்யா தேசியப் பூங்காவில பில்பிக்கெண்டு போட்ட வேலி துருவாலயும் வெள்ளத்தாலயும் பழுதாகி, 2012இல பூனை உள்ளுக்க பூந்து பில்பியளைத் திண்டு முடிச்சுது. திருத்தி, உள்ளுக்க இருந்த பூனையெல்லாம் பிடிச்சு, 2019இலதான் திரும்ப பில்பி விட்டவை. ஏழு வருசம். ஆனபடியால் வேலிக்குக் காசு ஒதுக்கேக்க, ஒவ்வொரு மழைக்கும் புயலுக்கும் பிறகு முழு நீளமும் ஓடிப் பாக்கிற ஆளின்ர சம்பளத்தையும் ஒதுக்கோணும். சுரங்கம் மூடினாப் பிறகு அந்தச் சம்பளம் எங்கயிருந்து வரும் எண்டதுக்கு எழுத்தில பதில் இல்லாத திட்டத்தை ஏற்கவே கூடாது.

வடலி:

நன்றி அண்ணை, வலையை இறுக்கக்கூடாது எண்டது எங்களுக்குத் தோன்றவே இல்லை. குவோலும் இறைச்சி தின்னிதானே. பூனைக்கு வைக்கிற நஞ்சிரையை அது தின்னாதோ? குவோலுக்குப் பில்பி மாதிரித் தடம் பார்க்க ஏலாதெண்டும் வாசிச்சன், அது கல்லுக்குள்ள இருக்கிற விலங்கு எண்டபடியால்.

முருகைக்கல்:

தங்கச்சி, நல்ல கேள்வி. நஞ்சின் பெயர் 1080, அதாவது சோடியம் புளோரோஅசிற்றேற். மேற்கு அவுஸ்திரேலியாவின் கஸ்ட்ரோலோபியம் செடிகளில் இதே நஞ்சு இயற்கையாகவே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தச் செடிகளோடும் அவற்றைத் தின்ற பூச்சி, விலங்குகளோடும் வாழ்ந்த உள்ளூர் விலங்குகளுக்குத் தாங்கும் சக்தி வந்துவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த பூனைக்கும் நரிக்கும் அது இல்லை. பூனைக்கென்று அங்கு செய்யும் இரட்டிகற் என்ற இரை ஒரு சிறு சொசேஜ். கங்காரு இறைச்சியும் கோழிக்கொழுப்பும், ஒன்றில் 4.5 மில்லிகிராம் நஞ்சு. சதுர கிலோமீற்றருக்கு 50 இரை என்ற கணக்கில் விமானத்திலிருந்து போடுவார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் வடக்கே உள்ள பில்பராவில் குவோல்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டி கட்டி, இரை போட்டுப் பார்த்த ஆய்வில் குவோல்களின் உயிர்பிழைப்பு அதனால் குறையவில்லை. கிழக்கு மாநிலங்களின் விலங்குகளுக்கு அந்தத் தாங்குசக்தி அதே அளவில் இல்லை என்பதால் ஒரு மாநிலத்தின் அளவை இன்னொன்றுக்கு அப்படியே எடுக்க முடியாது.

பிழைக்கும் இடம் காலம்தான். பூனை பசித்தால் மட்டுமே கிடக்கும் இறைச்சியைத் தொடும்; உயிருள்ள இரை ஓடித்திரிந்தால் சொசேஜை மணந்தும் பாராது. அதனால் குளிர்காலத்தில், பல்லிகள் ஒடுங்கி, எலிகள் குறைந்திருக்கும்போது போட வேண்டும். நல்ல மழைக்குப் பிறகு எலி பெருகிய வருடத்தில் போட்டால் இரை எறும்புக்குத்தான். போட்ட கையோடு மழை பெய்தாலும் நஞ்சு கழுவுண்டு போகும். மாட்டுப் பண்ணைகளில் நாய் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வாய்க்கூடு போட வைக்க வேண்டும். 1080க்கு நாய் மிக எளிதில் சாகும்.

இரை தொடாத பூனைக்கு இன்னொரு கருவி இருக்கிறது, ஃபீலிக்சர். லேசர் உணரிகள் முன்னால் போகும் விலங்கின் உயரத்தையும் வடிவத்தையும் பார்த்து, பூனை அல்லது நரி என்றால் மட்டும் அதன் உரோமத்தில் நஞ்சுப் பசையைத் தெளிக்கும். பூனை தன்னைத்தானே நக்கும் பழக்கமே அதைக் கொல்லும். புதிய இடத்தில் வைக்கும்போது முதலில் தெளிக்காமல் படம் மட்டும் எடுக்கும் நிலையில் விட்டு, அங்குள்ள விலங்கு எதையாவது பூனை என்று எண்ணுகிறதா என்று பார்த்த பிறகே நஞ்சை இட வேண்டும்.

குவோலைப் பற்றி. வட குவோல் 2005 முதல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சிச் சட்டத்தில் அழியும் ஆபத்திலுள்ள இனம். பில்பராவில் அது குடியிருக்கும் கற்குன்றுகளும் இரும்புத்தாது இருக்கும் குன்றுகளும் பல இடங்களில் ஒன்றே; முரண்பாடு அங்கேதான். ஆண்கள் முதல் இனச்சேர்க்கைக் காலத்தோடு பெரும்பாலும் செத்துவிடும். வட அவுஸ்திரேலியாவின் குரூட் ஐலண்ட் தீவில் அந்தக் காலத்தில் ஓர் ஆண் ஒரே இரவில் 10 கிலோமீற்றருக்கு மேல் நடந்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே இனச்சேர்க்கைக் காலத்தில் ஓரிடத்தில் ஆண் பிடிபட்டால் அது அங்கேதான் குடியிருக்கிறது என்று எழுத முடியாது. ஆண்கள் செத்த பின் கணக்கெடுத்தால் தொகை விழுந்துவிட்டதாகத் தெரியும். இனச்சேர்க்கைக்கு முந்திய குளிர்மாதங்களே பொறிக்கு நல்லது; பையில் பெரிய குட்டிகள் இருக்கும் தாயைக் கூண்டில் பிடித்தால் குட்டி கழன்று விழக்கூடும்.

கூண்டுக்கு இரை கச்சான் பட்டர், ஓட்ஸ், ரின்மீன் பிசைந்த உருண்டை. பின்னேரம் திறந்து, சாக்கால் மூடி, விடிந்ததும் வெயில் சுடுமுன் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும். இரும்புக்கல் மேல் வைத்த கூண்டு காலை எட்டு மணிக்கே அடுப்பு. எறும்புப் புற்றுக்குக் கிட்ட வைத்த கூண்டில் விலங்கு உயிரோடு கடிபடும்; வைக்குமுன் நிலத்தைக் காலால் கிளறிப் பாருங்கள்.

கூண்டு வேண்டாமென்றால் கமரா. 1.5 மீற்றர் உயரத்தில், நிலத்தை நேரே கீழ்நோக்கிப் பார்க்கும்படி கட்டி, கீழே துளையிட்ட குழாயில் இரையை அடைத்து ஆணியடித்து விடுங்கள். குவோலின் முதுகுப் புள்ளிகள் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் வேறு. மேலிருந்து எடுத்தால் ஆளை ஆளாக எண்ணலாம். பக்கவாட்டில் கட்டினால் இடப்பக்கப் படமும் வலப்பக்கப் படமும் ஒரே விலங்கா என்று தலையைப் பிய்க்க வேண்டும். பக்கவாட்டில்தான் கட்ட வேண்டுமென்றால் அங்கே தெற்கு நோக்கிக் கட்டுங்கள். நம் நாட்டில் வெயிலைத் தவிர்க்க வடக்கு நோக்குவோம், அந்தப் பழக்கத்தில் பிழை விடாதீர்கள். இந்தக் கமராக்கள் உடற்சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இயங்குபவை. கோடை இரவில் கல் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே குவோல் நின்றாலும் படம் எடுக்காமல் விடும். கோடையில் படம் இல்லை என்பது குவோல் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

குன்றை வெட்டினால் குவோலுக்கு மாற்று வீடாகக் கழிவுக் கற்களைக் குவித்துக் கொடுக்கிறார்கள். லொறியால் கொட்டியபடியே விட்டால் தூள் இடைவெளிகளை நிரப்பி அது வெறும் மண்மேடாகிவிடும். சல்லடை போட்டுத் தூள் நீக்கிய பெருங்கற்கள் வேண்டும், பெரியவை அடியில். உள்ளறைக்குப் போகும் வழி குவோல் நுழைய, பூனை நுழையாத இடுக்காக இருக்க வேண்டும். அதுவும் வளைந்து போனால் நல்லது. குவியலுக்கு ஆழம் இல்லையென்றால் உள்ளே வெளியின் சூடே இருக்கும். வெப்ப உணரியை உள்ளேயும் பக்கத்து இயற்கைக் குன்றின் இடுக்கிலும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கல் என்பதும் முக்கியம். பில்பராவின் சில கரும் ஷேல் பாறைகளில் பைரைற்று என்ற கந்தகத் தாது இருப்பதால் காற்றுப் பட்டால் சூடாகி அமிலம் விடும். சில இரும்புப் பாறைகளில் கல்நார் இழைகள் உண்டு. புவியியலாளர் கையொப்பம் இல்லாமல் ஒரு கல்லையும் குவிக்கக் கூடாது. குவியலை இயற்கைக் குன்றோடு தொடர்ச்சியாக அமையுங்கள். வெட்ட வெளியில் தனியே நின்றால் அங்கே போகும் வழியிலேயே பூனை காத்திருக்கும்.

நெய்தல்:

அகழ்வு முடிந்த நிலம் பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். விதை இருப்பது மேல்மண்ணின் முதல் 5 முதல் 10 சென்ரிமீற்றரில். அதைத் தனியாக வழித்து, முடிந்தால் அன்றைக்கே இன்னொரு முடிந்த துண்டில் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் 2 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது, வருடம் போகப் போக விதை சாகும். பரப்பியபின் சரிவுக்குக் குறுக்கே ஆழ உழாவிட்டால் முதல் புயல்மழையில் எல்லாம் வாய்க்காலுக்குப் போகும்.

அங்கே ஸ்பினிஃபெக்ஸ் என்று அழைப்பது ட்ரையோடியாப் புல். நம் கடற்கரை இராவணன் மீசைதான் தாவரவியலில் உண்மையான ஸ்பினிஃபெக்ஸ், குழம்ப வேண்டாம். ட்ரையோடியாவின் பூக்களில் பாதிக்கு மேல் விதையே இராது, இருப்பதும் உறங்கும். எடைக்கு விதை வாங்கினால் வெறும் உமியை வாங்குகிறீர்கள். ஒரு பிடியை வெட்டிப் பார்த்து நிரம்பிய விதையை எண்ணிய பிறகே விலை பேச வேண்டும். பச்சை தெரிந்தவுடன் விலங்கு திரும்பிவிட்டது என்று எழுதும் அறிக்கைகளைப் பார்க்க வயிறு எரிகிறது. பூனையிடமிருந்து ஒளியக்கூடிய முள்மேடாக அந்தப் புல் வளரப் பல வருடம் வேண்டும்.

வேலிக்குள்ளும் கதை முடியாது. அரிட் ரிக்கவரியில் 1999, 2000இல் விட்ட 30 பெட்டோங்குகள் பின்னர் ஆயிரத்தைத் தாண்டின. அடக்க விலங்கில்லாததால் புதர்களை மேய்ந்து அழித்தன. மேலதிகமானவை வெளியே போக ஒருவழிக் கதவுகள் வைத்தார்கள், 2018இல் மேற்குக் குவோலையும் உள்ளே விட்டார்கள். பூனையைக் காணாமலே வளர்ந்த பில்பிக்குப் பூனைப் பயம் தெரியாது. அதனால் வேலிக்குள் குறைந்த எண்ணிக்கையில் பூனைகளோடு பழக்கிய பில்பிகளையும் பழக்காதவற்றையும் பூனை இருக்கும் இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். பழகியவை கூடுதலாகத் தப்பின.

மணற்காடு:

வடலி, பழகிப் பாக்க மணற்காட்டு மணல்மேட்டை விட நல்ல இடம் இல்லை. பில்பி இராது. ஆனால் முயல், கீரி, உடும்பு, நாய், பூனை எல்லாம் தடம் விடும். கண்ணைப் பழக்க அது போதும். பொறி வைக்கிறதெண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும். தடம் பாக்க மட்டும் போங்கோ, வளையைத் தோண்டாதேங்கோ.

சவுக்கந்தோப்பில சருகு மூடினபடியால் வெறும் மணல் கிடக்கிற பக்கமாத் தெரிவுசெய்யுங்கோ. 100க்கு 200 மீற்றர் கயிறு பிடிச்சு, நாலு மூலையிலயும் தடி நட்டு, ரெண்டு பேர் அரைமணித்தியாலம் தேடவேணும். விடிஞ்சு சூரியன் பதிவா நிக்கேக்க, சூரியனைப் பாத்து நடவுங்கோ. அப்பதான் தடத்தின்ர விளிம்பில நிழல் விழும். ஒன்பது மணிக்குப் பிறகு வெளிச்சம் நேர விழுந்து எல்லாம் தட்டையாத் தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் முதல் எழுத வேண்டியது விலங்கின்ர பேர் இல்லை. மண் எவ்வளவு தடம் பிடிக்கும், கடைசியா மழை எப்ப, காத்து எப்பிடி எண்டதுதான். அது இல்லாமல் 'ஒண்டும் இல்லை' எண்டு எழுதினால் அதை வைச்சு ஒருவரும் ஒண்டும் செய்ய ஏலாது.

ஒரே துண்டுக்கு மூண்டு முறை போங்கோ. ஒரு கணக்குக்கு, விலங்கு இருந்தால் ஒரு தடவையில கண்டுபிடிக்கிற வாய்ப்பு 0.6 எண்டு வைப்பம். தவறவிடுற வாய்ப்பு 0.4. மூண்டு தரமும் தவறவிட 0.4ஐ மூண்டு முறை பெருக்கினால் 0.064. ஒரு தரம் போய் இல்லை எண்டு சொல்றதுக்கும் மூண்டு தரம் போய்ச் சொல்றதுக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகள் அதில காணுவினம். ரெண்டு சோடி தனித்தனியா ஒரே துண்டைப் பாத்து, பிறகு தாள்களை ஒப்பிட்டால் ஆரின்ர கண் எதை விடுது எண்டும் தெரியும்.

தடத்தின்ர வயதைச் சொல்லப் பழகுறதுதான் கஷ்டம். விடிய ஆறு மணிக்கு ஈர மணலில ஒரு ஆட்டை நடத்தி, அதே ஆட்டைக் காய்ஞ்ச மணலிலயும் நடத்தி, ரெண்டு தடத்துக்கும் பக்கத்தில அடிமட்டம் வைச்சு நேர மேல இருந்து படம் எடுங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அதே இடத்தில அதே உயரத்தில திரும்ப எடுங்கோ. சோளகம் அடிக்கிற நாளில காய்ஞ்ச மணல் தடம் மத்தியானத்துக்குள்ள கிண்ணம் மாதிரி உருண்டு, என்ன விலங்கெண்டே தெரியாமல் போகும். ஈர மணல் தடம் விளிம்பு வெடிச்சு அடுத்த நாளும் நிக்கும். வாடை துவங்கி மழை விழுந்தால் சின்னச் சின்னப் பொட்டு தடத்துக்கு மேல இருக்கோ, தடம் பொட்டுக்கு மேல இருக்கோ எண்டு பாருங்கோ. மழைக்கு முந்தியோ பிந்தியோ எண்டு அது சொல்லும். அந்தப் படங்களை நேர வரிசையில ஒட்டிக் கருத்தரங்குச் சுவரில தொங்கவிடுங்கோ. ஆட்டுத் தடத்துக்குப் பக்கத்தில ஒரு பூனைத் தடமும் கிடைச்சால் எடுங்கோ: வட்டமா இருக்கும், நகம் பதியாது.